இயற்பியல் வகுப்பில் விளையாட்டு: உண்மையில் எதைக் கற்றுத்தருகிறது?

ஊசல்

9, 10ஆம் வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். அடுத்த பருவத்தில் விசையும் இயக்கமும் வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் ஒரே இடத்தில்தான் சிக்குகிறார்கள். ஒரு பொருள் நகர்ந்துகொண்டிருந்தால், நகரும் திசையில் அதன் மீது ஒரு விசை இருந்தே தீரவேண்டும் என்று நம்புகிறார்கள். வெளிவிசை இல்லாவிட்டால் நகரும் பொருள் அதே வேகத்தில் நேராகப் போய்க்கொண்டே இருக்கும் என்ற நியூட்டனின் முதல் விதியைக் கேட்டால் ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் மேலே எறிந்த பந்து பாதி வழியில் இருக்கும்போது அதன் மீது என்னென்ன விசைகள் என்று கேட்டால், 'கை கொடுத்த விசை' என்று மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டுவிடுவார்கள்.

கணினி விளையாட்டுகளை வைத்து இதை உடைக்க முடியுமா என்று யோசிக்கிறேன். வகுப்பில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். விளையாட்டின் பெயரோடு நிறுத்தாமல், அதை வைத்து மாணவர்களிடம் என்ன கேள்வி கேட்டீர்கள் என்றும் எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

விண்கல்

ஆங்கிரி பேர்ட்ஸ், மிஸ்! எறிபொருள் இயக்கத்துக்கு அதைவிட எளிதாக எதுவும் கிடைக்காது. நான் 12ஆம் வகுப்பு மாணவன். என் வகுப்பில் அதை விளையாடாதவர்களே கிடையாது.

மின்தடை

அந்த விளையாட்டு 2009இல் வந்தது. அதை விளையாடிய கோடிக்கணக்கான பேருக்கும் எறிபொருள் இயக்கம் புரிந்துவிட்டதா? கவணை எவ்வளவு இழுக்கவேண்டும் என்பது விரலுக்குப் பழகுகிறது, அவ்வளவுதான். குறி தவறினால் கொஞ்சம் கூட்டி இழுக்கிறார்கள், தாண்டிப் போனால் குறைக்கிறார்கள். கிடைத்திசை வேகம் மாறாது, செங்குத்துத் திசையில் மட்டும்தான் முடுக்கம் இருக்கிறது என்ற கருத்து ஜெயிப்பதற்குத் தேவையே இல்லை. தேவைப்படாத ஒன்றை எந்தப் பிள்ளையும் தானாகக் கற்றுக்கொள்ளாது.

நான் விளையாட்டுக்கு எதிரி இல்லை. நானும் இயற்பியல் ஆசிரியர்தான். ஒரு பாடவேளை முக்கால் மணி நேரம்கூட இல்லை. கணினியை இயக்கி, எல்லோரையும் உட்காரவைத்து முடிப்பதற்குள் அதில் கால் பகுதி போய்விடும். மீதி நேரத்தில் நான்கு கணக்குகள் போட்டுக் காட்டலாம். அதைவிட இதில் அதிகம் கிடைக்கும் என்று யாராவது காட்டவேண்டும்.

நெம்புகோல்

மின்தடை ஐயா சொல்வதில் முதல் பாதியை அப்படியே ஏற்கிறேன். விளையாடுவதால் மட்டும் இயற்பியல் வராது. ஆனால் ஊசல் அவர்கள் சொன்ன அந்தத் தவறான நம்பிக்கையை வெளியே இழுத்துவர, விளையாட்டைப் போல வேறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆண்ட்ரியா டிசெஸ்ஸா என்ற ஆய்வாளர் 'டைனாடர்ட்டில்' என்ற சிறு விளையாட்டைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். உராய்வே இல்லாத திரையில் ஓர் ஆமை. அதைத் திருப்பலாம், திரும்பி நிற்கும் பக்கமாக ஓர் உதை கொடுக்கலாம். வேறு கட்டளை கிடையாது. ஆமையைக் கொண்டுபோய் இலக்கில் மோதவைக்க வேண்டும். நகர்ந்துகொண்டிருக்கும் ஆமையை இலக்குக்கு நேராக வந்ததும் அந்தப் பக்கம் திருப்பி உதைத்தால் நேராகப் போய் மோதிவிடும் என்று பிள்ளைகள் எதிர்பார்த்தார்கள். ஆமை சாய்வாகப் போனது. திரும்பத் திரும்ப அதையே செய்தார்கள், திரும்பத் திரும்பச் சாய்வாகத்தான் போனது. 1982இல் அவர் இதைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் படிக்கவேண்டியது.

அந்தச் சாய்வில்தான் பாடம் இருக்கிறது. முன்பிருந்த வேகம் எங்கேயும் போய்விடவில்லை. புதிதாகக் கிடைத்த வேகத்தோடு சேர்ந்துகொண்டது. இதை நான் கரும்பலகையில் வெக்டர் கூட்டலாக (அளவோடு திசையையும் சேர்த்துக் கூட்டுவது) வரைந்தால் தலையாட்டுவார்கள். ஆமை இலக்கைத் தவறவிட்டால் கோபப்படுவார்கள். 'ஏன் சார் இப்படிப் போகுது?' என்று அவர்கள் வாயிலிருந்தே கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்தபிறகு கரும்பலகைக்குப் போனால் கதையே வேறு.

இன்றைக்கு அந்த ஆமையைத் தேடவேண்டியதில்லை. 1979இல் அட்டாரி வெளியிட்ட 'ஆஸ்டிராய்ட்ஸ்' வகை விண்கல விளையாட்டு எதுவாக இருந்தாலும் போதும். என் வகுப்பில் ஒரே ஒரு கட்டுப்பாடு: கலம் எந்தப் பாதையில் போகும் என்று தாளில் வரைந்து பக்கத்தில் இருப்பவரிடம் காட்டாதவர் விசைப்பலகையைத் தொடக்கூடாது. ஓட்டிப் பார்த்த பிறகு உண்மையான பாதையை அதே தாளில் வேறு நிறத்தில் வரையவேண்டும். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பற்றித்தான் மீதிப் பாடவேளை முழுவதும் பேசுவோம்.

இன்னொன்று. பழைய ஆஸ்டிராய்ட்ஸில் எந்திரத்தை நிறுத்தினால் கலம் மெல்ல வேகம் குறைந்து நின்றுவிடும். விண்வெளியில் ஏன் நிற்கவேண்டும்? விளையாட்டை எழுதியவர் ஒரு தடையைச் சேர்த்திருக்கிறார். இதைக் கண்டுபிடித்துச் சொல்லும் மாணவருக்கு முதல் விதி புரிந்துவிட்டது என்று நம்பலாம்.

மின்தடை

> மேற்கோள்: அந்தக் கேள்வி வந்தபிறகு கரும்பலகைக்குப் போனால் கதையே வேறு.

இது உங்கள் அனுபவம். மதிக்கிறேன். ஆனால் அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்களா?

நெம்புகோல்

இருக்கிறார்கள், சற்றே வேறு வடிவத்தில். 1992இல் ஹெஸ்டனிஸும் அவருடைய சகாக்களும் 'விசைக் கருத்துத் தேர்வு' ஒன்றைத் தயாரித்தார்கள். அதில் கணக்கே கிடையாது. ஊசல் அவர்கள் சொன்ன பந்துக் கேள்வி போன்றவைதான் முழுவதும், தவறான நம்பிக்கைகளே பதில் தெரிவுகளாக வரும். 1998இல் ரிச்சர்ட் ஹேக் பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம் என்று 62 பாடவகுப்புகளின் முடிவுகளைத் தொகுத்தார். 6,000க்கும் மேற்பட்ட மாணவர்கள். பாடத்துக்கு முன்பு தெரியாமல் இருந்ததில் எத்தனை பங்கைப் பாடத்துக்குப் பிறகு பிடித்தார்கள் என்பதுதான் அளவு. விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் சராசரி 0.23. மாணவர்கள் ஊகித்து, செய்து பார்த்து, உடனுக்குடன் விவாதித்த வகுப்புகளில் 0.48.

மின்தடை

அதைப் படித்திருக்கிறேன். அதில் விளையாட்டு என்ற பேச்சே இல்லையே. ஊகிப்பதும் விவாதிப்பதும்தான் வேலை செய்கிறது என்று அது காட்டுகிறது. ஒரு சாய்தளமும் ஒரு கோலிக்குண்டும் இருந்தாலே அதைச் செய்துவிடலாம்.

நெம்புகோல்

ஆமாம், செய்துவிடலாம். அந்தக் கட்டுரை விளையாட்டுக்குச் சான்று என்று நான் சொல்லவரவில்லை. உராய்வே இல்லாத உலகத்தைச் சாய்தளத்தில் காட்டமுடியாது என்பதற்காகத்தான் திரைக்குப் போகிறேன். கோலிக்குண்டு கடைசியில் நின்றுவிடுகிறது. பிள்ளையின் பழைய நம்பிக்கையை அது உறுதிப்படுத்தித்தான் அனுப்புகிறது.

அறுபது_சட்டகம்

நான் ஆசிரியர் இல்லை, விளையாட்டு எழுதும் நிரலாளர். உள்ளே இருந்து பார்ப்பவனாக ஒன்று சொல்கிறேன். விளையாட்டுகளில் இருக்கும் இயற்பியலில் பாதி பொய். வேண்டுமென்றே சொல்லும் பொய். அதுதான் வகுப்புக்கு நல்ல தீனி என்பது என் கருத்து.

தாவிக் குதிக்கும் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஈர்ப்பு முடுக்கம் 9.8 என்று நாங்கள் போடுவதே இல்லை. பாத்திரம் எவ்வளவு உயரம் குதிக்கவேண்டும், உச்சிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகவேண்டும் என்ற இரண்டை முதலில் முடிவு செய்வோம். விரலுக்கும் கண்ணுக்கும் எது சுகமாக இருக்கிறதோ அதுதான். அப்புறம் உயரத்தை இரண்டால் பெருக்கி, நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஈர்ப்பு கிடைக்கும். உயரத்தை இரண்டால் பெருக்கி நேரத்தால் வகுத்தால் தொடக்க வேகம். 3 மீட்டர் உயரம், 0.4 வினாடி என்று வைத்தால் ஈர்ப்பு 37.5 மீ/வி², அதாவது பூமியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. தொடக்க வேகம் வினாடிக்கு 15 மீட்டர். உங்கள் பாடநூலில் இருக்கும் அதே இயக்கச் சமன்பாடுகள்தான், தலைகீழாகப் பயன்படுகின்றன.

அதோடு முடியவில்லை. ஏறும்போது ஓர் ஈர்ப்பு, இறங்கும்போது அதைவிடக் கூடுதலான ஈர்ப்பு என்று வைப்பது தொழிலில் சகஜம். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸிலேயே அப்படித்தான்: பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஏறும்போது ஈர்ப்பு குறைவு, இறங்கும்போது அதிகம். மாணவர்களிடம் ஒரு தாவலைத் திரைப்பதிவாக எடுத்துக் கொடுங்கள். வினாடிக்கு 60 சட்டகம், அதாவது 60 தனித்தனிப் படங்கள். ஏறுவதற்கு எத்தனை சட்டகம், இறங்குவதற்கு எத்தனை என்று எண்ணட்டும். ஈர்ப்பு மாறாமல் இருந்தால் இரண்டும் சமமாக வரவேண்டும். ஏன் சமமாக வரவேண்டும் என்பதையும் அவர்களே சொல்லட்டும். காற்றிலேயே பாத்திரம் திசை திரும்புவதையும் கேளுங்கள்: எந்த விசை அதைத் திருப்பியது?

'டிராக்கர்' என்று இலவச மென்பொருள் ஒன்று உண்டு. காணொளியில் சட்டகம் சட்டகமாகப் பொருளின் மேல் புள்ளி வைத்துக்கொண்டே போனால் வரைபடம் தானாக வரும். ஆங்கிரி பேர்ட்ஸ் பறவையை அதில் போட்டால், கிடைத்திசை இடப்பெயர்ச்சி நேர்கோடாகவும் உயரம் பரவளையமாகவும் வரும். விரல் கற்றதைக் கண் படிக்கும் இடம் இது. மின்தடை சார் கேட்ட 'தேவை' இங்கே பிறக்கிறது என்று நினைக்கிறேன்.

ஊசல்

நேரத்தின் வர்க்கத்தால் வகுப்பதைப் படித்ததும் உடனே தாளில் போட்டுப் பார்த்தேன். 'இந்தத் தாவலுக்கு ஈர்ப்பைக் கண்டுபிடி' என்பதே ஒரு முழுப் பாடவேளைக்கான கேள்வி. ஒரு சந்தேகம்: ஆங்கிரி பேர்ட்ஸில் மீட்டர் அளவு எங்கிருந்து கிடைக்கும்?

அறுபது_சட்டகம்

கிடைக்காது. அதுதான் அழகு. திரையில் புள்ளிகள்தான் உண்டு. ஈர்ப்பு 9.8 என்று வைத்துக்கொண்டால் கவணின் உயரம் ஏறத்தாழ 5 மீட்டர் என்று வரும். ரெட் அலெய்ன் என்ற இயற்பியல் பேராசிரியர் 2010இல் இதைச் செய்து காட்டினார். கவண் கைக்கு அடக்கமானது, சிறு பறவை என்று வைத்துக்கொண்டால் ஈர்ப்பு 9.8ஐவிட மிகக் குறைவு என்று வரும். இரண்டில் எது சரி என்று வகுப்பை இரண்டு பக்கமாகப் பிரித்து வாதாடவிடுங்கள். அலகு இல்லாத எண்ணுக்கு ஏன் அர்த்தமில்லை என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லமுடியாது.

விண்கல்

ராக்கெட் கட்டி விண்வெளிக்கு அனுப்பும் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் விளையாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. சுற்றுப்பாதை என்றால் என்ன என்று எனக்கு அதில்தான் புரிந்தது. ராக்கெட் மேலே மேலே போனால் போதும், விண்வெளியில் மிதக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். மேலே போன கலம் திரும்பவும் நேராகக் கீழே விழுந்தது. உயரம் போதாது என்று இன்னும் உயரம் அனுப்பினால் இன்னும் வேகமாக விழுந்தது. பக்கவாட்டு வேகம் வேண்டும், அந்த வேகத்தில் விழுந்துகொண்டே இருப்பதுதான் சுற்றுவது என்று புரிய நாட்களாயிற்று. அதற்குப் பிறகு 11ஆம் வகுப்பில் ஈர்ப்பியல் பாடம் வந்தபோது ஒவ்வொரு வரியும் ஏற்கெனவே தெரிந்ததாக இருந்தது.

இன்னொன்று: முன்னால் போகும் கலத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் வேகத்தைக் கூட்டக்கூடாது! கூட்டினால் பாதை உயர்ந்துவிடும், ஒரு சுற்றுக்கு அதிக நேரம் ஆகும், இன்னும் பின்தங்குவோம். வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்கவேண்டும். 1965 ஜூனில் அமெரிக்காவின் ஜெமினி 4 விண்கலத்தில் ஜேம்ஸ் மெக்டிவிட் தன் ராக்கெட்டின் கடைசிக் கட்டத்தை நெருங்கிப் போக முயன்றபோது, அதை நோக்கியே உந்திப் பார்த்தார். நெருங்க முடியவில்லை, எரிபொருள்தான் செலவானது. பயிற்சி பெற்ற விண்வெளி வீரருக்கே உள்ளுணர்வு அப்படித்தான் சொல்லியிருக்கிறது. அந்த ஆண்டு டிசம்பரில்தான் ஜெமினி 6ஏவும் 7ம் அருகருகே பறந்தன.

மின்தடை

தம்பி, இது நன்றாக இருக்கிறது. உண்மையாகவே சொல்கிறேன். ஆனால் 'புரிய நாட்களாயிற்று' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வீட்டில், ஆர்வத்தில் செலவழித்த நேரம் அது. அந்த ஆர்வம் இல்லாத முப்பது பேருக்கு வகுப்பில் என்ன செய்வது?

நெம்புகோல்

அவர்களை ராக்கெட் கட்டவைக்க வேண்டாம். ஆசிரியர் முன்னாலேயே தயார் செய்த ஒரு நிலையைத் திரையில் போட்டு, 'இப்போது முன்னோக்கி உந்தினால் பாதை எப்படி மாறும்?' என்று வரையச் சொன்னால் போதும். பத்து நிமிட வேலை.

அந்த விளையாட்டின் கோளிலேயே நல்ல கணக்கு ஒன்று இருக்கிறது. கெர்பின் கோளின் ஆரம் 600 கிலோமீட்டர்தான், ஆனால் தரையில் ஈர்ப்பு பூமியைப் போலவே 9.81. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். அப்படியானால் கெர்பினின் அடர்த்தி என்ன? பூமியைப் போல பத்து மடங்குக்கு மேல் வரும். பூமியில் இருக்கும் எந்த உலோகத்தையும்விட, உலோகங்களிலேயே மிக அடர்த்தியான ஆஸ்மியத்தையும்விட, இரண்டு மடங்குக்கும் அதிகம். அப்படி ஒரு கோள் இருக்கமுடியாது. விளையாடுபவர் பொறுமையிழக்காமல் சுற்றுப்பாதையை அடையவேண்டும் என்பதற்காகக் கோளைச் சுருக்கியிருக்கிறார்கள். வினாடிக்கு 2.3 கிலோமீட்டர் வேகம் அங்கே போதும், நமக்கு 7.8 வேண்டும். 10ஆம் வகுப்பு ஈர்ப்பியல் சமன்பாட்டை வைத்தே இவை எல்லாவற்றையும் கண்டுபிடிக்கலாம்.

விண்கல்

அடர்த்தியை இப்போதுதான் கணக்கிட்டுப் பார்த்தேன் சார். கன செ.மீ.க்கு 58 கிராமுக்கு மேல் வருகிறது!

முப்பட்டகம்

கணினியே இல்லாத வகுப்பில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். என் வகுப்பில் திரை கிடையாது, ஆனால் விளையாட்டு உண்டு.

மீட்டர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்து விட்டால் எதிரில் இருப்பவர் இரண்டு விரலால் பிடிக்கவேண்டும். எல்லோருக்கும் தெரிந்த விளையாட்டுதான். நான் அதில் ஒரு தாளை ஒட்டி, சென்டிமீட்டருக்குப் பதிலாக வினாடியைக் குறிக்கச் சொல்வேன். 5 செ.மீ. அருகே 0.1 வினாடி, 20 அருகே 0.2, 45 அருகே 0.3, 80 அருகே 0.4. கோடுகளுக்கு இடையே 5, 15, 25, 35. 'இடைவெளி ஏன் ஒரே மாதிரி இல்லை?' என்று ஒரு பிள்ளையாவது கேட்காமல் இருந்ததில்லை. 1, 3, 5, 7 என்ற விகிதம் கலிலியோ கண்டது. சூத்திரத்தை அதற்குப் பிறகு எழுதினால் போதும்.

மின்னோட்டத்துக்கு ஒரு கயிறு. நீளமான கயிற்றை வளையமாக முடிந்து, வகுப்பு முழுவதும் வட்டமாக நின்று, விரல்களுக்குள் தளர்வாக ஓடவிடவேண்டும். ஒருவர் கயிற்றை இழுத்துத் தள்ளிக்கொண்டே இருப்பார்: அவர் மின்கலம். இன்னொருவர் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பார்: அவர் மின்தடை (இழையில் இருக்கும் மின்தடை ஐயா மன்னிக்கவும்). இறுக்கியவரின் விரல் சூடாகும். ஆனால் கயிறு அவருக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். 'பல்பைத் தாண்டியதும் மின்னோட்டம் குறைந்துவிடும்' என்ற நம்பிக்கை அங்கேயே தளர்ந்துவிடும். இரண்டாவது ஒருவரை இறுக்கச் சொன்னால் முழு வளையமும் மெதுவாகும், தொடரிணைப்பு தயார்.

கேரம் பலகையும் உண்டு. அடிக்கும் ஸ்டிரைக்கர் ஏறத்தாழ 15 கிராம், காய் 5 கிராம் சொச்சம். நேருக்கு நேர் மோதினால் ஸ்டிரைக்கர் நிற்காது, பாதி வேகத்தோடு முன்னால் போகும், காய் ஒன்றரை மடங்கு வேகத்தில் பறக்கும். இது மீட்சி மோதல் கணக்கு, அதாவது மோதலில் இயக்க ஆற்றல் வீணாகாது என்று வைத்துப் போட்டது. நிஜத்தில் கொஞ்சம் குறையும். காயை வைத்தே காயை அடித்தால் அடித்தது ஏறக்குறைய நின்றுவிடும். உந்த (நிறை × திசைவேகம்) அழிவின்மைப் பாடத்தில் வேறு என்ன வேண்டும்?

மின்தடை

முப்பட்டகம் அவர்களே, கயிற்றை அடுத்த வாரமே எடுத்துக்கொள்கிறேன். என் பெயரைப் பயன்படுத்தியதற்கு மன்னிப்பு தேவையில்லை.

எனக்கு உறுத்தும் இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 'விளையாட்டு வழிக் கற்றல்' என்ற பெயரில் பள்ளிகளுக்குள் அதிகம் வருவது இங்கே பேசிய எதுவும் அல்ல. வினாடி வினாவுக்குப் புள்ளிகளும் பதக்கங்களும் தரவரிசையும் ஒட்டி, கடிகாரத்தை ஓடவிடுகிறார்கள். முதலில் அழுத்துபவருக்கு அதிகப் புள்ளி. இயற்பியலில் ஒரு கேள்வியை நிதானமாக யோசிக்கும் பிள்ளைக்கு அது தண்டனை. மனப்பாடத்தின் வேகத்தை அளக்கும் கருவிக்கு விளையாட்டு என்று பெயர் வைக்கிறார்கள். என் சந்தேகம் எல்லாம் அங்கிருந்துதான் வந்தது.

விண்கல்

உண்மை சார். எங்கள் வகுப்பில் அதில் முதலிடம் வருபவர்கள் கேள்வியைப் படிப்பதே இல்லை, பதில் தெரிவுகளை மட்டும்தான் பார்ப்பார்கள்.

அறுபது_சட்டகம்

விளையாடுவதிலிருந்து ஒரு படி மேலே: மாணவர்களே எழுதட்டும். 'லூனார் லேண்டர்' என்ற நிலவில் இறங்கும் விளையாட்டு 1969இல் பிறந்தது, அப்போலோ 11 இறங்கிய அதே ஆண்டு. அதை எழுதிய ஜிம் ஸ்டோரர் அப்போது பள்ளி மாணவர். எரிபொருள் எவ்வளவு எரிக்க என்று எண்ணைத் தட்டச்சு செய்யவேண்டும். உயரமும் வேகமும் எண்களாகவே திரும்பி வரும். படமே கிடையாது.

இன்றைக்குக் கட்டளைக் கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச்சில் ஒரு பாடவேளையில் அதன் எளிய வடிவத்தை எழுதிவிடலாம். ஒவ்வொரு சட்டகத்திலும் இரண்டே வரிகள்: வேகத்தில் முடுக்கத்தைக் கூட்டு, இடத்தில் வேகத்தைக் கூட்டு. ஊசல் அவர்களின் முதல் கேள்விக்கு இதுதான் என் பதில். இந்த இரண்டு வரிகளை எழுதும் பிள்ளைக்கு, மேலே போகும் பந்துக்கு 'கை கொடுத்த விசை' என்று ஒன்றைச் சேர்க்க நிரலில் இடமே இருக்காது. கை விட்ட கணத்தில் வேகத்துக்கு ஒரு தொடக்க மதிப்பு, அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஈர்ப்பு மட்டும் கழிந்துகொண்டே போகும். யாராவது மேல்நோக்கி ஒரு விசையைச் சேர்த்தே தீருவேன் என்றால் சேர்த்துப் பார்க்கட்டும். பந்து எப்படிப் போகிறது என்று அவர்களுக்கே தெரியும்.

மூத்த மாணவர்களுக்கு இன்னொரு சவால். கோள் ஒன்று சூரியனைச் சுற்றும்படி எழுதச் சொல்லுங்கள். முடுக்கத்தைக் கணக்கிட்ட பிறகு முதலில் வேகத்தை மாற்றி, புதிய வேகத்தால் இடத்தை மாற்றினால் பாதை மூடியே இருக்கும். அந்த இரண்டு வரிகளை இடம் மாற்றிப் போட்டால் கோள் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போய்விடும். ஆற்றல் எங்கிருந்தோ கூடிக்கொண்டே போகிறது. இயற்கை அழிவின்மை விதியைத் தானாகக் காப்பாற்றுகிறது, நிரல் அப்படிக் காப்பாற்றாது.

நெம்புகோல்

ஒரு நடைமுறைக் குறிப்பு. இரண்டு பேருக்கு ஒரு கணினி வையுங்கள். சுட்டியைப் பிடித்திருப்பவர் முடிவு எடுக்கக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் சொல்வதை மட்டும் செய்யவேண்டும். சொல்பவர் 'அந்தப் பக்கம், அந்தப் பக்கம்' என்று கத்தினால் போதாது, 'இடப்பக்கம் இரண்டு உதை' என்று சொல்லவேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் ஏற்கெனவே விளையாடிப் பழகிய பிள்ளை ஒருவரே எல்லாவற்றையும் முடித்துவிடுவார், மற்றவர் வேடிக்கை பார்ப்பார்.

விண்கல்

போர்ட்டல் விளையாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள் மிஸ். ஒரு வாசலில் வேகமாக விழுந்தால் இன்னொரு வாசலில் அதே வேகத்தோடு வெளியே வருவோம். உந்தம் மாறவில்லை என்று விளையாட்டு சொல்லும். ஆனால் தரையில் இருக்கும் வாசலில் கீழ்நோக்கி விழுந்து, சுவரில் இருக்கும் வாசலில் கிடையாக வெளியே வந்தால் திசை மாறிவிட்டதே! உந்தத்துக்குத் திசை உண்டல்லவா? அளவு மட்டும்தான் மாறவில்லை.

ஊசல்

விண்கல், இதைக் கேள்வித்தாளிலேயே போடலாம்.

எல்லோருக்கும் நன்றி. நான் முடிவு செய்திருப்பது இது. முதல் பாடவேளையில் விண்கல விளையாட்டு, இரண்டு பேருக்கு ஒரு கணினி, வரையாமல் தொடக்கூடாது. அடுத்ததில் கணினி கிடையாது, வரைந்த தாள்கள் மட்டும். வெக்டர் கூட்டல் அங்கே வரும். மூன்றாவதில் தாவல் பதிவை வைத்துச் சட்டகம் எண்ணுவது. ஸ்கிராட்ச்சைப் பருவத்தின் கடைசிக்கு வைத்திருக்கிறேன். மின்தடை ஐயா, பயன் இருந்ததா என்று சோதிக்க என்ன கேட்கவேண்டும் என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்.

மின்தடை

விளையாட்டில் வராத ஒரு சூழலைக் கேளுங்கள். வழுக்கும் பனித்தளத்தில் ஒரு தட்டு கிழக்கு நோக்கிச் சீராக நகர்கிறது. ஒருவர் அதை வடக்கு நோக்கி ஒரே ஒரு முறை தட்டுகிறார். தட்டிய பிறகு அது போகும் பாதையை வரை. அந்தப் பாதையில் போகும்போது அதன் மீது இருக்கும் விசைகளையும் குறி. பருவம் தொடங்கும் முன் ஒருமுறை, விளையாட்டு முடிந்து ஒரு மாதம் கழித்து ஒருமுறை, அறிவிக்காமல் கொடுங்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாணவர்களின் பெயரை மறைத்து இங்கே போட்டால் நானும் திருத்தித் தருகிறேன்.